இடித்துக் கட்டும் வரிசை வீடு: ஒரே குத்தகையாளரிடம் விடுவதா, துணைக் குத்தகையாளர்களை நாமே அமர்த்துவதா?

கார்டன்ஸ்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில் என் தந்தையார் விட்டுச்சென்ற ஒற்றைத் தள வரிசை வீட்டை இடித்துவிட்டு, இரண்டு தளங்களும் கூரையடியில் ஓர் அறையும் கொண்ட புதிய வீட்டைக் கட்டத் தொடங்க இருக்கிறோம். 78 வயதாகும் அம்மாவுக்கு இப்போதுள்ள குளியலறைப் படியைக் கடப்பதே சிரமமாக இருக்கிறது. அவருக்குக் கீழ்த்தளத்திலேயே படுக்கையறையும் வழுக்காத குளியலறையும் அமைய வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் இறங்கியதற்கு முதல் காரணம். கட்டடக் கலைஞரை அமர்த்தி, நகரச் சீரமைப்பு ஆணையத்தின் திட்ட அனுமதியைப் பெற்றுவிட்டோம். பொறியாளரின் கட்டமைப்பு வரைபடங்கள் கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்புதலுக்குச் சென்றிருக்கின்றன.

குத்தகையாளர் விஷயத்தில்தான் தடுமாறி நிற்கிறோம். மூன்று விலைப்புள்ளிகள் வந்துள்ளன. முதலாவது 1.24 மில்லியன் வெள்ளி, இரண்டாவது 1.19 மில்லியன் வெள்ளி, மூன்றாவது 905,000 வெள்ளி. முதல் இரண்டும் இருபது பக்கங்களுக்கு மேல் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. மூன்றாவது மூன்றே பக்கம். அந்த மூன்றாமவர் பேச்சில் மிகவும் இனிமையானவர், அம்மாவிடம் தமிழிலேயே நலம் விசாரித்தவர். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவுடன் 30 விழுக்காட்டை முன்பணமாகத் தர வேண்டும் என்கிறார்.

இதற்கிடையே, ஒரு கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனர் வேறொரு வழியைச் சொல்கிறார். முதன்மைக் குத்தகையாளர் என்பவர் தம் கையால் எதையும் கட்டுவதில்லை, பைலிங் (அடித்தளத் தூண்களை நிலத்துக்குள் இறக்குதல்), கம்பி கட்டுதல், கொத்து வேலை, டைல்ஸ், குழாய், மின்சாரம் என்று எல்லாவற்றையும் துணைக் குத்தகையாளர்களிடம்தான் பிரித்துக் கொடுக்கிறார், அந்தத் துணைக் குத்தகையாளர்களை நாமே நேரடியாக அமர்த்தினால் நடுவில் போகும் இலாபம் மிஞ்சும், தெரிந்த ஆட்களை ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டும் சில வேலைகளை முடித்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். இது நடைமுறைக்கு ஏற்றதா? மூன்றாவது விலைப்புள்ளியை நம்பலாமா? தரைவீடு கட்டிய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதியை இதில் போடுகிறோம்.

அளவையாளர் பதிலளிக்கிறார்:

வணக்கம் ஐயா. கட்டுமான அளவையாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பதில் சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மைத்துனரின் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. முதன்மைக் குத்தகையாளர்களில் பெரும்பாலோர் ஒருங்கிணைப்பாளர்களே. வேலையைச் செய்வோர் வேறு ஆட்கள். ஆனாலும் இடித்துக் கட்டும் வீட்டுக்கு, சட்டப்படி உரிமம் பெற்ற கட்டுமான நிறுவனம் ஒன்றை நீங்கள் அமர்த்தியே ஆக வேண்டும். 2009ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள கட்டுநர் உரிமத் திட்டத்தின்படி, பொதுக் கட்டுநர் உரிமத்தில் இரண்டு வகுப்புகள் உள்ளன. இரண்டாம் வகுப்பு உரிமம் வைத்திருப்பவர் 6 மில்லியன் வெள்ளி வரையிலான ஒப்பந்தங்களை ஏற்கலாம்; உங்கள் வீட்டுக்கு அதுவே போதும். பைலிங் போன்ற வேலைகளுக்குச் சிறப்புக் கட்டுநர் உரிமம் தனியாக வேண்டும். மின்வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரும், குழாய் வேலைக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரும் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும். ஆகவே ஆளுக்கொரு வேலையாகப் பிரித்து நாமே கட்டிக்கொள்வது என்ற வழி, கட்டமைப்பு வேலையைப் பொறுத்தவரை உங்களுக்குத் திறந்திருக்கவில்லை.

உரிமம் உண்டா என்பதை அந்த நிறுவனத்தாரின் வாய்மொழியாக அறிய வேண்டியதில்லை. கட்டட, கட்டுமான ஆணையத்தின் இணையப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால், உரிமத்தின் வகுப்பும் அது காலாவதியாகும் நாளும் தெரியும். இங்கே பலரும் குழம்பும் ஓரிடம் உண்டு. அதே ஆணையத்தில் 'சிடபிள்யூ01' என்ற தலைப்பில் ஏ1 முதல் சி3 வரை தரங்கள் கொண்ட வேறொரு பதிவும் இருக்கிறது. அது அரசாங்கக் குத்தகைகளுக்கு விண்ணப்பிப்பதற்கான பதிவு. கட்டுநர் உரிமத்துக்கு அது ஈடாகாது. பெயர் அட்டையில் ஆணையத்தின் பெயரைப் பார்த்ததுமே நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

உரிமம் இருப்பதே போதுமா என்றால், போதாது. இரண்டாம் வகுப்பு உரிமத்துக்குத் தேவையான குறைந்தபட்சச் செலுத்திய மூலதனம் 25,000 வெள்ளி மட்டுமே. முதல் வகுப்புக்கு 300,000 வெள்ளி. அதாவது, 25,000 வெள்ளி மூலதனத்தில் நிற்கும் ஒரு நிறுவனம் உங்களுடைய பத்து இலட்சம் வெள்ளி வேலையையும் சட்டப்படி ஏற்க முடியும். அப்படிப்பட்ட நிறுவனம் வேறொரு கட்டுமானத் தளத்தில் நட்டப்பட்டால், உங்கள் தளத்தில் வேலை நின்றுவிடும். எனவே கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் சிறு கட்டணம் செலுத்தி நிறுவனத்தின் விவரக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டுகளாக இயங்குகிறது, மூலதனம் எவ்வளவு, இயக்குநர்கள் யார் என்பவை அதில் இருக்கும். அதைவிட முக்கியமாக, இப்போது அவர்கள் கையில் எத்தனை வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன என்று கேளுங்கள். முடித்துக் கொடுத்த வீட்டை மட்டுமன்றி, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டையும் காட்டச் சொல்லுங்கள். குப்பை எப்படி ஒதுக்கப்பட்டிருக்கிறது, சிமெண்டு மூட்டைகள் மழை படாமல் அடுக்கப்பட்டிருக்கின்றனவா, வாளிகளிலும் குழிகளிலும் தண்ணீர் தேங்கிக் கொசுப் புழு மிதக்கிறதா என்பவற்றைப் பார்த்தாலே, அங்கே மேற்பார்வை உண்டா இல்லையா என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இனி மூன்றாவது விலைப்புள்ளி. ஒரே வரைபடத்துக்கு இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே தொகையைச் சொல்லி, ஒருவர் மட்டும் மூன்று இலட்சம் வெள்ளி குறைத்துச் சொல்கிறார் என்றால், நான் அவரை உடனே சந்தேகிக்க மாட்டேன். அவர் எதை விட்டிருக்கிறார் என்று தேடுவேன். முதலில் பொருள், சேவை வரியைப் பாருங்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு. வரி நீங்கலான தொகையை வரி சேர்ந்த தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நான் அடிக்கடி கண்ட பிழை. 905,000 வெள்ளிக்கு வரி மட்டும் 81,450 வெள்ளி ஆகும். அடுத்து பைலிங். மண் ஆய்வு அறிக்கையின்படி பொறியாளர் குறித்திருக்கும் நீளத்துக்கு விலை போட்டிருக்கிறாரா, அல்லது தாமாகவே ஒரு நீளத்தை அனுமானித்து 'கூடினால் மீட்டருக்கு இவ்வளவு' என்று எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். நிலத்துக்கடியில் போவதை நீங்கள் அளக்க முடியாது என்பதால், பிற்காலச் சச்சரவுகளில் பல இந்த ஒரு வரியிலிருந்தே பிறக்கின்றன. ஒவ்வொரு பைலும் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைத் தள மேற்பார்வையாளர் அன்றன்றே பதிவு செய்து பொறியாளரிடம் தர வேண்டும். கூடுதல் மீட்டருக்கான பணத்தை அந்தப் பதிவின்படி மட்டுமே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு 'தற்காலிகத் தொகை', அதாவது உண்மையான விலை தெரிந்ததும் மாறும் தொகை, என்று குறிக்கப்பட்டவற்றைக் கூட்டிப் பாருங்கள். டைல்ஸ், குளியலறைச் சாதனங்கள், கதவுகள், சன்னல்கள் எல்லாவற்றுக்கும் மிகக் குறைந்த தற்காலிகத் தொகை போட்டால் மொத்த விலை அழகாகத் தெரியும். நீங்கள் கடைக்குப் போய் உண்மையான டைலைத் தேர்ந்தெடுக்கும் நாளில்தான் வேறுபாடு உங்கள் தலையில் விழும். பழைய வீட்டை இடித்த கழிவை அகற்றுவது, காப்புறுதி, தற்காலிக மின்சாரமும் தண்ணீரும், வீட்டுக் காப்பறையின் (அவசரகாலத்தில் ஒதுங்கும் அறையின்) இரும்புக் கதவு ஆகியவை மூன்று பக்கத்துக்குள் இடம்பெற்றிருக்கின்றனவா என்றும் தேடுங்கள். கட்டடக் கலைஞரிடம் சொல்லி, விடுபட்டவற்றை ஒரு கடிதமாக எழுதிக் கேட்கச் செய்யுங்கள். வாய்ப்பேச்சில் 'எல்லாம் சேர்த்துத்தான்' என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

30 விழுக்காட்டு முன்பணம் மட்டும் கூடவே கூடாது. செய்து முடித்த வேலைக்கு, கட்டடக் கலைஞரோ அளவையாளரோ மதிப்பிட்டுச் சான்றளித்த பிறகே பணம் போக வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் 10 விழுக்காட்டைப் பிடித்துவைத்து, பிடித்த தொகை ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காட்டை எட்டியதும் நிறுத்துவது வழக்கம். அதில் பாதியை வேலை முடிந்ததும், மீதிப் பாதியைக் குறைகள் சரிசெய்யும் காலம் கழிந்ததும் விடுவிப்பார்கள். அந்தக் காலம் பெரும்பாலும் 12 மாதம். சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர் கழகத்தின் ஒப்பந்தப் படிவத்தை ஒட்டி எழுதினால் இவற்றுக்கெல்லாம் இடம் இருக்கும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு இழப்பீடு என்பதையும், குத்தகையாளர் வேலையை முடிக்கத் தவறினால் ஈடு தரும் வங்கியின் செயலுறுதிப் பத்திரத்தையும் கேளுங்கள். வங்கி உத்தரவாதம் தர முன்வராத நிறுவனத்துக்கு நீங்கள் ஏன் முன்பணம் தர வேண்டும்?

வீட்டுக்காரர்கள் பலர் அறியாத சட்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டுமானத் துறையில் கட்டணம் பெறுவதற்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் 2004இல் இயற்றப்பட்டு, 2005 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படாத வீட்டுப் புதுப்பிப்பு வேலைகளுக்கு அது பொருந்தாது; உங்களுடையதுபோல் இடித்துக் கட்டும் வேலைக்குப் பொருந்தும். குத்தகையாளர் முறைப்படி கட்டணக் கோரிக்கை அனுப்பினால், ஒப்பந்தத்தில் குறித்த நாளுக்குள், எப்படியும் 21 நாளுக்கு மேற்படாமல், எவ்வளவு தருகிறீர்கள், எதைப் பிடிக்கிறீர்கள், ஏன் பிடிக்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் சொல்லாத காரணத்தைப் பிற்பாடு, தகராற்றைத் தீர்க்கும் நடுவர் முன் எடுத்துச் சொன்னால் அவர் அதைக் கணக்கில் கொள்ள மாட்டார். சுவரில் விரிசல் இருப்பது உண்மையாகவே இருந்தாலும், உரிய நாளில் எழுதாமல் கோபத்தோடு மௌனமாக இருந்துவிட்டால், முழுத்தொகையையும் கட்டும் நிலை வரலாம். இப்படி ஒருவர் இழந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் சண்டை போட்டதை அவர் பதில் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஓபரா எஸ்டேட் பதிலளிக்கிறார்:

சகோதரருக்கு வணக்கம். மேலே அளவையாளர் ஐயா எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. எங்களுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் 2019இன் இறுதியில் ஒப்பந்தம் போட்டோம். மறு ஆண்டு கொவிட் முடக்கம் வந்து தளம் மூடப்பட்டது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. தங்கும் விடுதிகளில் ஊழியர்கள் அடைபட்டுக் கிடந்த காலம் அது. எங்கள் துன்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வேலை மீண்டும் தொடங்கி, கூரை போட்டு, உள்பூச்சும் முடிந்த நிலையில், ஒரு சனிக்கிழமை காலை டைல்ஸ் துணைக் குத்தகையாளர் எங்கள் வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பழைய நெகிழிக் கோப்பு. அதற்குள் மூன்று மாத விலைப்பட்டியல்கள். "அம்மா, நீங்கள் அவர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டீர்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டார். நாங்கள் ஒரு தவணைகூடத் தவறாமல் கொடுத்திருந்தோம். எங்கள் பணம் வேறொரு தளத்தின் கடனை அடைக்கப் போயிருந்தது. அவருடைய ஆட்களுக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் யாரும் வேலைக்கு வரவில்லை. ஐந்து மாதம் வீடு அப்படியே கிடந்தது. மாடிப்படியில் மழைநீர் வடிந்து பாசி பிடித்தது.

கடைசியில் வழக்கறிஞர் மூலமாக அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, வேறு நிறுவனத்தை அமர்த்தினோம். பாதியில் நின்ற வேலையை ஏற்கப் புதியவர்கள் எளிதில் முன்வருவதில்லை, வந்தவர்களும் பழைய வேலைக்குப் பொறுப்பேற்க மறுத்துக் கூடுதல் விலை கேட்டார்கள். புதிய கட்டுநரை நியமித்ததைக் கட்டட, கட்டுமான ஆணையத்துக்குத் தெரிவித்து, அனுமதியைப் புதுப்பிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

இந்த முறை ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தோம். யார் யார் துணைக் குத்தகையாளர்கள் என்ற பட்டியலைத் தொடக்கத்திலேயே தர வேண்டும், எங்கள் கட்டடக் கலைஞரின் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்பது ஒன்று. ஒவ்வொரு தவணைக் கோரிக்கையோடும், முந்தைய தவணையில் தங்களுக்குச் சேர வேண்டியது கிடைத்துவிட்டது என்று துணைக் குத்தகையாளர்கள் கையெழுத்திட்ட கடிதத்தை இணைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதன்மைக் குத்தகையாளர் முகம் சுளித்தார், ஆனாலும் ஒப்புக்கொண்டார். இரண்டாம் முறை யாரும் கோப்போடு எங்கள் வாசலுக்கு வரவில்லை.

நீங்கள் சொன்ன அந்த இனிமையான பேச்சு, நலம் விசாரிப்பு, எங்கள் முதல் குத்தகையாளரிடமும் நிறையவே இருந்தது. தீபாவளிக்கு முறுக்கு டின் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். நல்ல மனிதர் என்பதும் நல்ல கணக்கு வைத்திருப்பவர் என்பதும் வேறு வேறு என்பதை நாங்கள் மிகுந்த செலவில் கற்றுக்கொண்டோம்.

தளக்கண்காணி பதிலளிக்கிறார்:

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். பதினான்கு ஆண்டுகளாக இங்கே கட்டுமானத்தில் இருக்கிறேன். தொடக்கத்தில் டைல்ஸ் ஊழியராக இருந்து, இப்போது ஒரு துணைக் குத்தகை நிறுவனத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் பார்க்காத பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மைத்துனர் அண்ணன் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வேலை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேலை அனுமதிச்சீட்டில் எந்த முதலாளியின் பெயர் இருக்கிறதோ, அவருக்கு மட்டும்தான் ஊழியர் வேலை செய்யலாம். நீங்கள் இரக்கப்பட்டு நூறு வெள்ளி கொடுத்துக் கூப்பிட்டாலும், அகப்பட்டால் கூப்பிட்டவருக்கும் தண்டனை, வந்தவருக்கோ வாழ்க்கையே போய்விடும். ஊரில் ஏஜென்டுக்குக் கட்டிய கடன் தீராமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அதுவுமன்றி, வீடுகளுக்கு அருகில் உள்ள கட்டுமானத் தளங்களில் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை வேலை செய்யத் தேசிய சுற்றுப்புற வாரியம் தடை விதித்திருக்கிறது.

அடுத்து, 'சப்கான்' என்று நாங்கள் சொல்லும் துணைக் குத்தகை எத்தனை அடுக்கு இறங்குகிறது என்பதைக் கேளுங்கள். முதன்மைக் குத்தகையாளர் டைல்ஸ் வேலையை ஒருவருக்குக் கொடுப்பார். அவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலிக்கு மட்டும் இன்னொருவருக்குக் கொடுப்பார். அவரிடமும் ஆள் பற்றாமல் போனால் வேறொரு குழுவைப் பிடிப்பார். கடைசியாகக் கரண்டியைப் பிடிப்பவருக்கு வரும் விலையில், தரையைச் சுத்தமாகக் கூட்டி, நீர்புகாப் பூச்சை முறையாக இரண்டு முறை அடித்து, காயவிட்டு வேலை செய்ய நேரம் இருப்பதில்லை. அவர் சோம்பேறி என்பதால் அப்படி ஆவதில்லை. முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாம் பூச்சை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினால்தான் அவருக்கு அன்றைய கூலி கட்டுப்படியாகும். ஆகவே பெயர்ப் பட்டியலை வாங்கும்போது, அந்தத் துணைக் குத்தகையாளரிடம் சொந்த ஊழியர்கள் உண்டா, பொருளும் அவருடையதா அல்லது கூலி மட்டும்தானா என்பதையும் கேளுங்கள். நீர்புகாப் பூச்சுக்கு யார் பெயரில் உத்தரவாதம் வரும் என்று கேட்டால், உண்மையில் யார் செய்யப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

உங்கள் அம்மாவின் குளியலறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நீங்களே சோதிக்கலாம். பூச்சு காய்ந்த பிறகு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு, தரைத் துளையை அடைத்துவிட்டுத் தண்ணீர் தேக்கச் சொல்லுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு கிழித்து, பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதிக் கைப்பேசியில் படம் எடுங்கள். 24 மணி நேரம் கழித்து மறுபடியும் போய்ப் பாருங்கள். மாடிக் குளியலறை என்றால் கீழ்த்தளத்துக் கூரையில் ஈரத்திட்டு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். குழாய் நுழையும் ஓரங்களில்தான் முதலில் கசியும். டைல்ஸ் ஒட்டிய பிறகும் ஒரு முறை இதேபோல் செய்யுங்கள். அடுத்து, ஒரு ஐம்பது காசு நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலின் நான்கு மூலையிலும் தட்டுங்கள். நிறைந்த டைல் 'டக்' என்று கெட்டியாக ஒலிக்கும். அடியில் கலவை இல்லாத மூலை டப்பாவைத் தட்டியதுபோல் ஒலிக்கும். அதில் ஒட்டுநாடாவால் குறி போட்டுவிடுங்கள், நாங்கள் எடுத்து மாற்றித் தருவோம். முதியவர் நடக்கும் இடம் என்பதால் வழுக்குத் தடுப்பு டைல் மட்டும் போதாது. தண்ணீர் துளையை நோக்கி வடியும்படி தரைச்சரிவு இருக்க வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீரைக் கதவோரத்தில் ஊற்றிப் பாருங்கள்.

கான்கிரீட் போடும் நாளில் நீங்கள் தளத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதற்கு முதல் நாள் பொறியாளர் கம்பியைப் பார்த்துக் கையெழுத்திட்டாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பிக்கும் பலகைக்கும் இடையே கவர் பிளாக் (இடைவெளி தரும் சிறு கட்டை) வைக்காமல் போட்டால், கம்பி வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு பிற்காலத்தில் துருப்பிடித்து, கூரையிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழும். லாரியிலிருந்து எடுக்கும் கான்கிரீட் கட்டிகளை 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் நசுக்கிச் சோதிப்பார்கள்; அந்த அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

ஒரு வேண்டுகோள். தளத்துக்கு வரும்போது மாற்றங்களை எங்களிடம் நேரடியாகச் சொல்லாதீர்கள். "தம்பி, இந்த இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் கூட வை" என்று அன்பாகச் சொல்வீர்கள்; நாங்களும் வைத்துவிடுவோம்; மாதக் கடைசியில் அதற்கு யார் பணம் தருவது என்ற சண்டையில் எங்கள் கூலி மாட்டிக்கொள்ளும். கட்டடக் கலைஞரிடம் சொல்லுங்கள். விலை பேசி எழுத்தில் வந்த பிறகு நாங்கள் செய்கிறோம்.

கார்டன்ஸ்வாசி எழுதுகிறார்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை மைத்துனரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று விலைப்புள்ளிகளையும் வரிவரியாகப் படித்தோம். 905,000 வெள்ளியில் வரி சேர்க்கப்படவில்லை. பைலின் நீளம் பொறியாளரின் வரைபடத்தில் உள்ளதில் பாதிதான். டைல்ஸ், குளியலறைச் சாதனங்கள், சன்னல்கள் அனைத்தும் தற்காலிகத் தொகைகள். காப்புறுதி என்ற சொல்லே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டியபோது இரண்டாவது விலைப்புள்ளிக்கு மிக அருகில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை பற்றித் தளக்கண்காணி தம்பி எழுதியதைப் படித்ததும், மைத்துனரே தம் யோசனையைக் கைவிட்டுவிட்டார்.

இரண்டாமவரிடம் துணைக் குத்தகையாளர்களின் பட்டியலையும், ஓபரா எஸ்டேட் அம்மா எழுதியிருந்த கையொப்பக் கடித நிபந்தனையையும் கேட்டிருக்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. சமையலறை அலமாரிகளையும் குளிர்சாதனத்தையும் நாங்களே தனியாக அமர்த்தலாமா? வரிசை வீடு என்பதால் இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு பொதுவானவை; வலப்பக்கத்து அம்மையார் இப்போதே கவலைப்படுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அளவையாளர் பதிலளிக்கிறார்:

அலமாரி, குளிர்சாதனம், திரைச்சீலை போன்றவற்றைத் தனியாக அமர்த்துவதில் தடையில்லை. உங்கள் மைத்துனர் சொன்ன சிக்கனம் உண்மையில் பலன் தருவது இங்கேதான். ஆனால் குளிர்சாதனக் குழாய்கள் பூச்சுக்கு முன்பே சுவருக்குள் போக வேண்டியவை. அந்த ஆட்கள் எந்த வாரம் தளத்துக்குள் வரலாம், அவர்கள் துளைத்த இடத்தை யார் பூசிக் கொடுப்பது, அவர்களுக்கு மின்சாரமும் சாரமும் யார் தருவது என்பதை முதன்மைக் குத்தகையாளரின் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கசிவு ஏற்படும் நாளில் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். அலமாரியைத் தற்காலிகக் குடிபுகு அனுமதி கிடைத்த பிறகு பொருத்துவது எல்லாருக்கும் எளிது.

அண்டை வீட்டைப் பொறுத்தவரை, இடிப்பதற்கு முன்பே இருபுறத்து வீடுகளுக்குள்ளும் தனி ஆய்வாளர் ஒருவரை அனுப்பி, இப்போதுள்ள விரிசல்கள், தரை, கூரை, வேலிச்சுவர் அனைத்தையும் படம் எடுத்து அறிக்கையாக்கச் சொல்லுங்கள். அதன் ஒரு பிரதியை அந்த அம்மையாரிடம் நீங்களே நேரில் போய்க் கொடுங்கள். பின்னால் புதிய விரிசல் தோன்றினால் அவருக்கும் அது சான்று. ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு உங்களிடம் கேட்டால் உங்களுக்கும் அதுவே சான்று. பொதுச் சுவரை ஒட்டி இடிக்கும் பகுதியில் இயந்திரத்தைத் தவிர்த்துக் கைக்கருவிகளால் இடிக்க வேண்டும் என்பதையும், இடித்தபின் திறந்து நிற்கும் அவர் பக்கத்துச் சுவருக்கு உடனே நீர்புகாப் பூச்சு அடிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். மழைக்காலத்துக்கு முன் இடிப்பு வேலை தொடங்கினால், அந்தப் பூச்சுக்கு நாள் குறித்தே எழுதிக்கொள்ளுங்கள். அண்டை வீடுகளுக்கு ஏற்படும் சேதத்தையும் ஈடுகட்டும்படி காப்புறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று, இடிப்பவர் தளத்தில் கால் வைக்கும் முன், மூலப் பத்திரத்தையே வாங்கிப் பாருங்கள்.